புற்றும் தோணியும்: முத்துக்குளித்துறைக் கரையில் இரண்டு கறையான் இனங்கள்

கேள்வி

தூத்துக்குடி வட்டாரத்தில் வீட்டு நிலைச்சட்டம் உள்ளே கோறையாகிப்போனது தெரியவந்தால், பலர் முதலில் தேடிப்போவது கொல்லையிலோ பக்கத்துத் தரிசிலோ நிற்கும் புற்றைத்தான். அதை இடிக்கிறார்கள், குழிக்குள் மருந்து ஊற்றுகிறார்கள். சில மாதங்கள் கழித்து அடுத்த கதவும் பொக்கையாகிறது. புற்றை முழுமையாக அழிக்கவில்லை என்றோ மருந்தில் வீரியம் குறைவு என்றோ முடிவுகட்டி மறுபடி தோண்டுகிறார்கள். புற்றில் வாழும் கறையானும் நிலைச்சட்டத்தில் வாழும் கறையானும் வேறு வேறு இனங்களாக இருக்கலாம் என்ற எண்ணம் இந்த வேலையில் எங்குமே குறுக்கிடுவதில்லை.

இக்கட்டுரை ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. முத்துக்குளித்துறைக் கரையில், குறிப்பாகத் துறைமுகமும் தோணித்துறையும் மரக்கிடங்குகளும் அமைந்த பகுதியில், மரத்துக்கான ஆபத்தை எந்தக் கறையானிடம் தேட வேண்டும்? இந்தியா முழுவதும் பரவியுள்ள இரண்டு நிலத்தடிக் கறையான்களை இதற்காக ஒப்பிடுகிறேன். ஒன்று ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ்; நெடிய புற்றுகளை எழுப்புவது. மற்றது காப்டோடெர்மிஸ் ஹைமி; புற்று எழுப்பாமல் மரத்துக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்து வாழ்வது. இனி இவற்றை ஒபீசஸ் என்றும் ஹைமி என்றும் மட்டும் குறிப்பிடுகிறேன். இரண்டும் மண்ணில் வாழ்கின்றன, இரண்டும் மண்குழாய் கட்டி நடக்கின்றன, இரண்டும் மரத்தைத் தொடுகின்றன. ஆனால் ஒன்று நிலத்தோடு கட்டுண்டது, மற்றது கடல் தாண்டக்கூடிய உடலமைப்பும் குடும்ப அமைப்பும் கொண்டது. துறைமுக ஊர் ஒன்றுக்கு இந்த வேறுபாட்டைவிட முக்கியமான வேறுபாடு இல்லை என்பதே என் வாதம்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்கும் ஆய்வு

தமிழகக் கரைக்கும் கறையான் ஆய்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். தஞ்சைப் பகுதியில் தாம் பார்த்த கறையான்களைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியானது. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிய புகழ்பெற்ற மடல் அச்சானது 1781-இல்தான். ஆகவே கறையானின் வாழ்வை விரிவாகச் சொன்ன முதல் அறிவியல் எழுத்துகளில் ஒன்று சோழமண்டலக் கரையில் உருவானது.

கோனிக் எழுதியவற்றில் ஈசல் பிடிக்கும் முறையும் இருக்கிறது. புற்றில் காற்றடிக்கும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானையைப் பொருத்துவார்கள். காற்றடிக்கும் பக்கம் நாற்றப் பொருள்களைக் கொளுத்திப் புகையூட்டுவார்கள். ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். அவற்றை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்தார்கள் என்றும், அளவுக்கு மீறித் தின்றவர்களுக்கு வயிற்றுவலியும் கழிச்சலும் கண்டன என்றும் அவர் குறித்தார். இந்தச் செய்தி முழுவதும் புற்றுக் கறையானைப் பற்றியது என்பது கவனிக்க வேண்டியது. கண்ணுக்குத் தெரிவதும் உணவாவதும் வழிபடப்படுவதும் புற்று. எனவே நம்முடைய மரபறிவும் தொடக்ககால அறிவியலும் புற்றையே மையமாகக் கொண்டன.

நாம் ஒப்பிடும் இரண்டு இனங்களுக்கும் பெயர் வந்தது பிறகுதான். ஒபீசசை ராம்பூர் 1842-இல் விவரித்தார். ஹைமியை எரிக் வாஸ்மான் 1902-இல் விவரித்தார். வாஸ்மான் ஓர் இயேசு சபைத் துறவி. எறும்புகளிலும் கறையான்களிலும் வாழ்நாளைச் செலவிட்டவர். சவேரியார் 1542-இல் வந்திறங்கிய காலம் முதல் இயேசு சபையாரின் கையெழுத்துகளால் நிறைந்தது இந்தக் கரை என்பதால் அந்தத் தற்செயலை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் 1914-இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல், பயிர்ப் பகை என்ற கோணத்தைக் கொண்டுவந்தது. பிற்பாடு எம்.எல். ரூன்வால், ஓ.பி. சோட்டானி ஆகியோரின் உழைப்பில் இந்திய விலங்கினத் தொகுதி வரிசையில் கறையான்களுக்கு இரண்டு பெருநூல்கள் வந்தன. 1989-இல் வந்த முதல் தொகுதியில் ஹைமியின் குடும்பம் இடம்பெறுகிறது. 1997-இல் வந்த இரண்டாம் தொகுதி ஒபீசஸ் அடங்கிய டெர்மிட்டிடே குடும்பத்துக்கானது. இந்தியாவில் ஏறத்தாழ 300 கறையான் இனங்கள் உண்டு. நாம் ஒரே பகையாக எண்ணிக்கொண்டிருக்கும் இரண்டும் அவற்றுள் நெருங்கிய உறவினர்கள்கூட அல்ல.

ஒபீசஸ்: பூஞ்சையை நம்பிய குடி

ஒபீசஸ் மரத்தைத் தின்கிறது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. அது காய்ந்த புல், சருகு, பட்டை, சாணம், மரம் ஆகியவற்றைச் சுரண்டி விழுங்கிப் புற்றுக்குள் கொண்டுபோகிறது. பாதி செரித்த நிலையில் கழித்து, அந்தக் கழிவால் பூஞ்சை மெத்தை கட்டுகிறது. கடற்பஞ்சு போல் துளைகளும் மடிப்புகளும் கொண்ட அந்த மெத்தையில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. மரநாரைச் சிதைக்கும் வேலையின் பெரும்பங்கு பூஞ்சையுடையது. பூஞ்சையின் வெண்ணிற முடிச்சுகளும் பழைய மெத்தையுமே கூட்டத்தின் உணவு.

மழைக்குப் பிறகு புற்றுகளில் முளைக்கும் காளான் இந்தப் பூஞ்சையின் வெளிவரவுதான். இந்தப் பேரினத்துக்கு 1942-இல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரிட்டார். தென்னிந்தியப் புற்றுகளில் முளைக்கும் ஓரினத்தை கே. நடராஜன் 1979-இல் விவரித்து, அதற்கு ஹைமின் பெயரையே இட்டார். கிராமத்தில் புற்றுக்காளான் பறிப்பவர்கள் வருடா வருடம் அதே இடத்துக்குப் போவதற்குக் காரணம், கீழே அதே குடி உயிரோடு இருப்பதுதான்.

புற்றின் கட்டுமானத்தைப் பற்றி அண்மைக்காலத்தில் நிறையத் தெரியவந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிகிதா சக்கரியா, ரெனீ போர்ஜஸ் முதலியோர் ஒபீசஸ் கறையான்களுக்குப் பல வகைப் பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்த முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. வேலைக்காரக் கறையான்கள் மண்ணை எச்சிலோடு பிசைந்து சிறு உருண்டைகளாக்கி அடுக்குகின்றன. துகளின் அளவும் ஈரப்பதமும் ஒத்துவந்தால்தான் கட்டுகின்றன. குயவர் கைக்கு மண் பதமாக வரும் அந்த ஈரநிலைக்கு அருகில்தான் கறையானும் மண்ணை எடுக்கிறது. 2015-இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் ஆகியோர் தென்னிந்திய ஒபீசஸ் புற்றுகளில் அளவெடுத்துக் காட்டியது இன்னொன்று: புற்றின் வெளிமுட்டுகள் பகலில் சூடாகி இரவில் குளிர்வதால் உள்ளே காற்று சுழல்கிறது, அந்தச் சுழற்சியில் கரியமிலவாயு வெளியேறுகிறது. திறந்த வாய்கள் இல்லாத புற்று மூச்சுவிடுவது இப்படித்தான். இதே பேரினத்தைச் சேர்ந்த வல்லோனென்சிஸ் என்ற இனத்தின் புற்றில் திறந்த புகைபோக்கிகள் இருக்கும் என்பதால், புற்றைப் பார்த்தே ஓரளவு இனம் பிரிக்க முடிகிறது.

இந்த வாழ்க்கைக்கு விலை உண்டு. ஒபீசஸ் புற்றை விட்டுப் பெயர முடியாது. அரசி தடித்த மண்ணறைக்குள் அடைபட்டிருக்கிறது. அந்த அறையின் வாயில் வழியாக வேலைக்காரர்கள் போய்வரலாம், அரசி வெளியேற முடியாது. மெத்தைகளுக்கு நிலையான ஈரமும் வெப்பமும் வேண்டும். புதிதாகக் குடிவைக்கும் ஈசல் இணை பூஞ்சையைத் தன்னோடு கொண்டுபோவதில்லை. முதல் வேலைக்காரர்கள் வெளியே சென்று, ஏற்கெனவே அந்த நிலத்தில் இருக்கும் புற்றுகளின் காளான்கள் உதிர்த்த வித்துகளைப் பொறுக்கிவர வேண்டும். பூஞ்சை வளர்க்கும் கறையான்களில் சில மட்டுமே இதற்கு விதிவிலக்கு. ஓடோன்டோடெர்மிஸ் அவற்றில் சேராது. துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி முழு எடையோடு திரும்ப வரும்.

ஹைமி: மரத்துக்குள்ளேயே வீடு

ஹைமிக்குப் பூஞ்சைத் தோட்டம் இல்லை. அதன் பின்குடலில் கசையிழை கொண்ட ஓரணு உயிர்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் துணையோடு மரநாரை உடலுக்குள்ளேயே செரிக்கிறது. கழிவும் எச்சிலும் மென்ற மரமும் மண்ணும் சேர்ந்த பழுப்பு நிறத் தக்கைப் பொருளால் கூடு கட்டுகிறது. மரத்தைத் தின்றபடியே, தின்ற குடைவைக் கூடாக நிரப்பிக்கொண்டு போகிறது. ஆகவே அதன் உணவும் உறைவிடமும் ஒரே கட்டையில் அமைந்துவிடலாம்.

சேதத்தின் தோற்றமும் இதனால் மாறுபடுகிறது. ஒபீசஸ் மரத்தின் மேல் அகலமான மண்பூச்சு போர்த்தி, அதன் கீழிருந்து பட்டையையும் செத்த பகுதியையும் வெளியிலிருந்து உள்நோக்கிச் சுரண்டும். சாலையோர வேம்பின் அடியில் ஆளுயரத்துக்கு மண் பூசியிருப்பதைப் பார்ப்பவர்கள் மரம் போய்விட்டது என்று பதறுவதுண்டு. உள்ளே உயிர்த்தண்டு பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். ஹைமி மெல்லிய குழாய் வழியாக, சுவரின் விரிசலிலோ தரைக்கும் சட்டத்துக்கும் இடையிலோ நுழைகிறது. மேல்தோலும் பெயின்டும் அப்படியே இருக்க உள்ளே வெற்றிடமாகிறது. விரலால் தட்டினால் ஓசை மாறும், அழுத்தினால் நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் தக்கைக் கூடு தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஐயம் தீர்க்கும் உறுதியான சாட்சி காவல் கறையான். ஒபீசசின் காவலனுக்குத் தலை முட்டை வடிவம், இடத்தாடையில் ஒரு பல் தெளிவாகத் துருத்தியிருக்கும். ஹைமியின் காவலனுக்குத் தலை முன்பக்கம் ஒடுங்கியிருக்கும், தாடைகள் பல்லில்லாமல் வளைகத்தியாக வளைந்திருக்கும், நெற்றியில் பெரிய துளை ஒன்று இருக்கும். சீண்டினால் அந்தத் துளையிலிருந்து வெண்ணிறப் பால் துளிக்கும். இந்தத் துளியைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டியதில்லை. மருந்தடிக்க வருபவரும் வீட்டுக்காரரும் ஒரு நிமிடம் செலவிட்டு இதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான குழப்பம் தீரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காப்டோடெர்மிஸ் என்ற பேரினத்தை அடையாளம் காண்பது எளிது; அதற்குள் இனம் பிரிப்பது கடினம். 2016-இல் தாமஸ் ஷூவான்க் முதலியோர் உலகெங்கும் இந்தப் பேரினத்துக்கு இடப்பட்ட 69 பெயர்களை ஆராய்ந்து, 21 இனங்களுக்கு மட்டுமே உறுதியான ஆதாரம் இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவை பெரும்பாலும் ஐயத்துக்குரியவை. ஹைமிக்கும், 1896-இல் வாஸ்மான் பர்மாவிலிருந்து விவரித்த கெஸ்ட்ராய் என்ற இனத்துக்கும் இடையிலான எல்லையைக் காவலனின் அளவுகளை மட்டும் கொண்டு வரைய இயலாது. ஆதலால் கரையில் பிடிபடும் பால்துளிக் கறையான் அனைத்தையும் ஹைமி என்று எழுதிவைப்பது அவசரம். பால்துளி நமக்குச் சொல்வது பேரினத்தின் பெயர். அதற்கு மேல் போக மரபணுச் சோதனை வேண்டும்.

தேரி, கரிசல், உப்பளம்

இந்த மாவட்டத்து நிலம் மூன்று விதமானது. வடக்கே விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். தெற்கே சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் செம்மணல் தேரி. கடலை ஒட்டி உப்பளமும் உவர்மண்ணும் கடல் மணலும். புற்றுக் கட்டுமானம் பற்றிய பெங்களூரு முடிவுகளை இந்த நிலத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஒபீசஸ் கட்ட வேண்டுமானால் பிசைந்தால் நிற்கும் களியும், பதமான நன்னீர் ஈரமும் வேண்டும். தேரியின் தளர்ந்த மணலில் களி குறைவு. உப்பளத்தின் மண்ணில் ஈரம் உண்டு, ஆனால் உப்பு மிகுதி. ஆகவே நெடும்புற்றுகள் உள்நாட்டுச் செம்மண்ணிலும் குளத்தங்கரைகளிலும் வரப்புகளிலும் ஓங்குவதும், துறைமுகத்தை நெருங்க நெருங்க அரிதாவதும் எதிர்பார்க்கக்கூடியதே. இது உயிரியலிலிருந்து பெறும் முடிபு. வயல்வாரியான கணக்கெடுப்பு இதைச் செம்மைப்படுத்தலாம்.

ஹைமியின் தேவை வேறு. அதற்குக் களி வேண்டாம், மரமும் ஈரமும் போதும். அந்த ஈரம் நிலத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஒழுகும் குழாய், மழைநீர் தேங்கும் மாடி, குளிரூட்டிப் பெட்டியின் சொட்டுநீர் ஆகியவையே போதும். காப்டோடெர்மிஸ் பேரினத்தில் நிலத்தோடு தொடர்பே இல்லாத மேல்மாடிக் கூடுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த வறண்ட கரையில், இயற்கை நிலம் கறையானுக்கு மறுக்கும் ஈரத்தை நகரம் வழங்கிக்கொண்டிருக்கிறது. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழைய கரையோர வீடுகளில் சுவரைவிட, சுவருக்குள் செருகிய விட்டத்தின் முனைதான் பலவீனமான இடம்; வடகிழக்குப் பருவமழை நனைப்பது அந்த முனையைத்தான். முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த கைமரம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். இளம்பனையின் சோற்றுப்பகுதியைக் கறையான் எளிதில் காலிசெய்துவிடும். வைரம் பார்த்து மரம் எடுக்கும் பழைய தச்சரின் தேர்வு, மருந்துகளைவிட முந்தையதும் சில வேளைகளில் அவற்றைவிட நம்பத்தக்கதுமான காப்பு.

ஒபீசஸ் குற்றமற்றது என்று இதற்குப் பொருளில்லை. தென்னை நாற்றங்கால், நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றில் அதன் சேதம் நன்கு பதிவானது. வீட்டுக்குள் நுழைந்து புத்தக அடுக்கையும் கதவடியையும் தொடுவதும் உண்டு. ஆனால் அது வரும்போது மண்ணைச் சுமந்துகொண்டு, கண்ணுக்குப் படும்படி வருகிறது. மண்பூச்சைக் கலைத்து வழியை அடைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மறுபக்கம், சருகையும் சாணத்தையும் மண்ணோடு சேர்த்து, கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து, கெட்டித்த நிலத்தில் நீர் இறங்கத் துளையிடும் வேலையையும் வறண்ட நிலங்களில் அதுவே செய்கிறது. சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருவதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. புற்றுமண் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்டது என்பதைக் கண்டவர்கள் ஏற்படுத்திய வழக்கமாகவும் அதைப் பார்க்க இடமிருக்கிறது. வீட்டுக்குள் பால்துளிக் கறையான் செய்த சேதத்துக்காகக் காட்டிலுள்ள புற்றுகளை இடிப்பது நிலத்துக்கு இழப்பு, வீட்டுக்கோ எந்த ஆதாயமும் இல்லை.

கடல் தாண்டுவது எது

2013-இல் தியடோர் எவன்ஸ், பிரையன் ஃபோர்ஷ்லர், கென்னத் கிரேஸ் ஆகியோர் அயல்நாடு புகுந்த கறையான்களைப் பற்றிய உலகளாவிய மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 1969-இல் 17 ஆக இருந்த அத்தகைய இனங்களின் எண்ணிக்கை 28 ஆகியிருந்தது. இவற்றுக்குப் பொதுவாக மூன்று இயல்புகளை அவர்கள் சுட்டினார்கள்: மரத்தைத் தின்னுதல், தின்னும் மரத்திலேயே கூடு வைத்தல், அரசியும் அரசனும் இல்லாமல் துண்டுபட்ட கூட்டத்திலிருந்து புதிய இனப்பெருக்கக் கறையான்களை எளிதில் உருவாக்குதல். இந்த அளவுகோலில் நம் இரண்டு இனங்களையும் நிறுத்திப் பார்த்தால் விடை தெளிவாகிறது. ஒபீசஸ் மண்ணில் கூடு வைக்கிறது, பூஞ்சையை நம்புகிறது, அரசியை மண்ணறையில் அடைத்து வைத்திருக்கிறது. ஒரு மரத்துண்டோடு சில நூறு ஒபீசஸ் வேலைக்காரர்கள் கப்பலேறினாலும் அவை மடிந்துபோகும். ஈசல் இணையே போய்ச் சேர்ந்தாலும், அந்தக் கரையில் அதன் பூஞ்சை இல்லையென்றால் குடி நிலைக்காது. அந்த 28 இனங்களில் பூஞ்சை வளர்ப்பது ஒன்றுகூட இல்லாதது இதனால்தான்.

காப்டோடெர்மிசின் வரலாறு நேர் எதிரானது. தென்சீனத்தையும் தைவானையும் தாயகமாகக் கொண்ட ஃபார்மோசானஸ் இனம் கப்பல் வழியாக ஹவாய்க்குப் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்துறைமுகங்களில் காலூன்றியது. 1960-களில் ஹூஸ்டனிலும் நியூ ஆர்லியன்சிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. கெஸ்ட்ராய் 1923-இல் பிரேசிலிலும் 1996-இல் மயாமியிலும் பதிவானது. தென்ஃபுளோரிடாவில் இந்த இரண்டும் ஒரே பருவத்தில் ஈசல் விட்டு, ஒன்றோடொன்று இணைந்து கலப்புக் கூட்டங்களைத் தோற்றுவிக்க வல்லவை என்பதை ஷூவான்க் குழு 2015-இல் ஆய்வகத்தில் காட்டியது.

வந்த வழி சரக்குக் கப்பல் மட்டும்தானா? ருடால்ஃப் ஷெஃப்ரான் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியைத் தொடர்ந்தார். ஹார்ட்விக் ஹோக்மையருடன் சேர்ந்து 2010-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, தென்ஃபுளோரிடாவில் நிலத்தில் பதிவான காப்டோடெர்மிஸ் தாக்குதல்களின் பெரும்பகுதி படகுத்துறைகளுக்கு அருகிலேயே திரண்டிருப்பதை வரைபடத்தில் காட்டியது. அடுத்த ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, ஆஸ்திரேலிய எல்லைச் சோதனையில் பிடிபட்டவற்றையும் ஃபுளோரிடாப் படகுகளில் கண்டவற்றையும் 1986 முதல் 2009 வரை தொகுத்தது. கறையான் அங்கே படகு சுமந்த சரக்கில் ஒளிந்திருக்கவில்லை. படகின் மரத்திலேயே குடியிருந்தது. கரையில் கட்டிய படகின் விளக்கை நோக்கி ஈசல் பறந்து வருகிறது, மழைநீர் ஊறிய பலகையில் குடிவைக்கிறது. படகு வேறு துறைக்குப் போகிறது. சில ஆண்டுகளில் அந்தத் துறையின் விளக்குகளை நோக்கி அந்தப் படகிலிருந்து ஈசல் கிளம்புகிறது.

பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தில், வட அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு நிலத்தடிக் கறையான் 19-ஆம் நூற்றாண்டில் அரசு அலுவலகத்தின் ஆவணங்களை உள்ளீடின்றித் தின்றதை இயற்கையியலாளர் காத்ர்ஃபாஜ் பதிவுசெய்தார். துறைமுக ஊர்களில் மரத்தோடு சேர்ந்து ஊரின் நினைவும் அழிகிறது என்பதற்கு அது சான்று. நம் கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அன்றிக்கு அடிகளார் 16-ஆம் நூற்றாண்டில் அச்சேற்றிய தமிழ் நூல்களைப் பார்க்க இன்று நாம் அமெரிக்காவுக்கும் வத்திக்கானுக்கும் போக வேண்டியிருக்கிறது. அந்த இழப்புக்குக் கறையானை மட்டும் குற்றம் சாட்ட முடியாது. போரும் இடப்பெயர்வும் உப்புக்காற்றும் அதில் பங்காளிகள். என்றாலும் தாளையும் ஓலையையும் இந்தக் கரையில் காப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை அது காட்டுகிறது.

மருந்தும் இலக்கும்

கட்டடங்களுக்கான கறையான் தடுப்பு நெறிமுறையாக இந்தியத் தரநிலை 6313 மூன்று பகுதிகளாக இருக்கிறது: கட்டுமான ஏற்பாடுகள், கட்டுவதற்கு முன் மண்ணுக்கு மருந்திடல், கட்டிய கட்டடத்துக்கு மருந்திடல். அடித்தளத்தைச் சுற்றி நச்சுவேலி அமைத்தால் கறையான் மண்ணிலிருந்து மேலே வர முடியாது என்பதே இதன் அடிப்படை. ஒருகாலத்தில் ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை இந்த வேலியாக இருந்தன. மண்ணில் பல ஆண்டுகள் நிலைத்து, உணவுச் சங்கிலியில் ஏறியதால் அவை பின்னர் தடைசெய்யப்பட்டன. அவற்றின் இடத்தில் குளோர்பைரிபாஸ், பைஃபென்த்ரின், இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில் போன்றவை வந்தன.

மண்வேலி இரண்டு இனங்களுக்கும் பொதுவானதுதான். ஆனால் காப்டோடெர்மிஸ் மாடியிலேயே கூடு வைத்துவிட்டால் வேலி கீழே வீணாக நிற்கும். அந்த வீட்டில் ஒழுகலை அடைப்பதே முதல் மருத்துவம்.

இரையூட்டும் முறையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. நான்-யாவ் சூ 1990-களில் உருவாக்கிய இம்முறையில், தோலுரிப்பைத் தடுக்கும் ஹெக்ஸாஃப்ளுமுரான் என்ற பொருளை மரநார் இரையில் கலந்து வைப்பார்கள். வேலைக்காரக் கறையான்கள் தின்று கூட்டம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும். அடுத்த தோலுரிப்பில் மடியும். காப்டோடெர்மிசின் வேலைக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் தோலுரிப்பவை. ஆகவே கூட்டமே அழிகிறது. பூஞ்சை வளர்க்கும் கறையான்களிலோ வேலைக்காரப் பருவம்தான் கடைசிப் பருவம். அதன்பின் தோலுரிப்பு இல்லை. மருந்து குஞ்சுகளைத்தான் தொடும். அதற்கும் இரை பூஞ்சை மெத்தையைத் தாண்டிப் போக வேண்டும். இத்தகைய கறையான்கள் இரையைக் குறைவாகவே எடுக்கின்றன, விளைவும் மெதுவாகவே தெரிகிறது என்பது தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளின் அனுபவம். இனம் பார்க்காமல் இரைப்பெட்டி பதிப்பவர் சில வீடுகளில் வெற்றியும் சில வீடுகளில் தோல்வியும் கண்டு, காரணம் புரியாமல் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். அந்த மிகைமருந்து போய்ச் சேருவது கிணற்றடி மண்ணில்.

தோணித்துறையும் துறைமுகமும்

1961-இல் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு முடிந்தது. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமானது. இன்று வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இறக்கும் சரக்குகளில் அயல்நாட்டு மரத்தடிகளும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி தாவரப் பொருள்கள் நுழைய அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. சரக்குப் பெட்டிகளுக்கும் அடைமரங்களுக்கும் பன்னாட்டு விதி இருக்கிறது: மரத்தின் உட்பகுதி முழுவதும் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற வேண்டும், அல்லது புகைமூட்ட வேண்டும், பிறகு முத்திரை குத்த வேண்டும். உள்ளே வரும் ஆபத்தைப் பற்றிய சிந்தனை இங்கே ஓரளவு அமைப்பாகியிருக்கிறது.

வெளியே போகும் ஆபத்தைப் பற்றிய சிந்தனை அந்த அளவுக்கு வளரவில்லை. இந்தக் கரையின் தனிச்சிறப்பான தோணிகள் இன்றும் மரத்தால் கட்டப்பட்டவை. கட்டுமானப் பொருளும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் போய்வந்தவை. இலங்கையோடும் நீண்ட வணிக உறவு கொண்டவை. ஃபுளோரிடா ஆய்வுகள் சொல்லும் பாடத்தை இவற்றின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சூடேற்றும் விதி சரக்கோடு வரும் பொதிமரத்துக்கானது. கலத்தின் உடலான மரத்தை அது தொடுவதில்லை. உப்புநீர் படும் அடிப்பலகையில் கறையான் வாழாது; அங்கே வேறு துளைப்பான்கள் உண்டு, அவை கடலுக்குரியவை. ஆனால் மேல்தளத்தின் கீழ், மழைநீர் கசிந்து தேங்கும் மூலைகளிலும், சமையலறை நன்னீர்த் தொட்டியின் அடியிலும், நங்கூரமிட்டுச் சும்மா நிற்கும் மாதங்களில் காப்டோடெர்மிஸ் கேட்கும் அனைத்தும் இருக்கின்றன. பவளத் தீவுகளில் மண் குறைவு, மரம் விலை மிகுந்தது. வீடும் படகும் வெளியிலிருந்து வரும் மரத்தால் ஆனவை. அங்கே இத்தகைய கறையான் குடியேறினால் அதை நீக்குவது பெருநிலத்தில் நீக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

தோணிகள் பழுதுபார்க்கக் கரையேறும் பருவமே அவற்றில் கறையான் உண்டா என்று சோதிக்க ஏற்ற நேரம். மேல்தளப் பலகைகளைக் கழற்றும்போது தக்கைக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பது தச்சருக்குக் கூடுதல் வேலை ஆகாது. அகப்படும் காவல் கறையான்களை ஒரு புட்டியில் சாராயத்தில் இட்டு, எந்தத் தோணியில், எந்தப் பலகையில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதிவைத்தால், மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் அவற்றை இனம் பிரிக்கலாம். ஐயமான மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். துறைமுக மரக்கிடங்குகளிலும் பழைய கரையோரத் தெருக்களிலும் இதையே செய்து, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் விளக்குகளில் விழும் ஈசல்களையும் சேர்த்துத் தொகுத்தால், ஷெஃப்ரான் தென்ஃபுளோரிடாவுக்கு வரைந்த வரைபடத்துக்கு இணையான ஒன்றை ஐந்தாறு பருவங்களில் தூத்துக்குடிக்கு வரைந்துவிட முடியும். அந்த வரைபடத்தில் காப்டோடெர்மிஸ் புள்ளிகள் தோணித்துறையைச் சுற்றித் திரண்டிருந்தால், கலங்களின் உடலையும் சோதனைக்குள் கொண்டுவரும் விதியைத் துறைமுக நிர்வாகத்திடமும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்திடமும் கேட்பதற்கான ஆதாரம் தோணி உரிமையாளர்களின் கையிலேயே இருக்கும்.